வைத்தியச்சி ஊதிய கொம்பு

அத்தியாயம் 14

இர்பானாவின் விண்ணப்பம் ஷஹனாஸின் மேஜை டிராயருக்குள் போய் அன்றோடு பத்தொன்பது நாள்.

தொலைந்து கிடந்ததா என்றால் இல்லை. திறந்ததும் கைக்கு வருகிற மாதிரி மேலாகவே, ஒரு நீல ஃபைலுக்குள் பத்திரமாகத்தான் இருந்தது. புத்தூரில் ஒரு தனியார் மருத்துவமனையில் நர்சிங் சூப்பிரண்டு ஷஹனாஸ். அவள் போடும் டியூட்டி பட்டியலுக்குள் நூற்றுப்பத்து நர்சுகள் அடக்கம். அதில் ஒருத்தி இர்பானா, கணவர் மன்சூரின் தங்கை. மஸ்கட்டில் ஒரு வேலைக்கு எழுதிப் போட்டு, ஏறக்குறைய கிடைத்தும் விட்டது. இங்கிருந்து அனுபவச் சான்றிதழ் போக வேண்டும். அதற்கு ஷஹனாஸ் கையெழுத்துப் போட்டு நிர்வாகத்துக்கு அனுப்ப வேண்டும். அவள் அனுப்பவில்லை.

“நான் அனுப்பிட்டேன்மா. மேல இருக்கிறவங்கதான் இழுத்தடிக்கிறாங்க” என்று இரண்டு முறை சொல்லியும் ஆயிற்று.

எல்லாம் அவள் நல்லதுக்குத்தான். இரண்டு வருஷத்துக்கு முன்னால் துறையூர் புருஷன் வீட்டிலிருந்து வந்து இறங்கியபோது இர்பானா நாற்பத்தொரு கிலோ இருந்தாள். யாராவது பெயரைச் சொல்லிக் கூப்பிட்டாலே திடுக்கிடுவாள். ஜமாத்தில் பேசி அந்தக் கல்யாணத்தை முறித்து, பாலக்கரை வீட்டில் தன் பக்கத்திலேயே உட்காரவைத்துச் சாப்பிடச் செய்து, வேலையில் சேர்த்துவிட்டவள் ஷஹனாஸ். இந்த ஆறு மாசமாகத்தான் அந்தப் பெண் வாய்விட்டுச் சிரிக்கிறாள். அவளைத் தூக்கிக் கடல் தாண்டிப் போடுவதா? இந்த ஒரு வாய்ப்பு தானாகத் தவறிப் போகட்டும், அப்புறம் பார்த்துக்கொள்ளலாம் என்று இருந்தாள்.

ஞாயிற்றுக்கிழமை காலை பத்து மணிக்கு நான்கு பேருமாக மன்சூரின் ஆம்னி வேனில் ஸ்ரீரங்கம் கிளம்பினார்கள். மகள் அஃப்ஷீனுக்குக் கல்லூரியில் கடைசி வருஷம். அவளும் தோழி யாழினியும் சேர்ந்து ஒரு பலகை விளையாட்டு செய்திருந்தார்கள். பரீட்சைக்குப் பதில் அதற்குத்தான் மார்க். மாலை ஆறு மணிக்குள் அதை நாலு பேரை விளையாடவைத்து, என்ன நடந்தது என்று எழுதி அனுப்ப வேண்டும். அந்த நாலு பேராக யார் கிடைப்பார்கள்? வீட்டு ஆட்கள்தான்.

காவேரிப் பாலத்தில் வண்டி ஊர்ந்தது. பின் சீட்டில் இர்பானா மடியில் தம்ரூட் இனிப்பு டப்பாவை வைத்துக்கொண்டு வெளியே பார்த்தபடி சொன்னாள்.

“செவ்வாய்க்கிழமை கடைசி நாள் அண்ணி. அதுக்குள்ள சர்ட்டிபிகேட் போகலைன்னா வேற ஆளைப் பாத்துக்குவாங்களாம்.”

“ம்.”

“வரலைன்னா விட்டுட வேண்டியதுதான். நீங்களும் எனக்காக எவ்வளவுதான் அலையறது?”

அந்தக் குரலில் குத்தல் எதுவும் இல்லை. இருந்திருந்தால் ஷஹனாஸுக்குக் கொஞ்சம் சௌகரியமாக இருந்திருக்கும். அவள் கைப்பையின் ஜிப்பைத் திறந்தாள், மூடினாள்.

யாழினியின் வீடு அடையவளஞ்சான் வீதியில், மாடியில். அப்பா ரத்தினவேல் டவுன் பஸ் டிரைவர். சத்திரம் பஸ் நிலையத்துக்கும் ஸ்ரீரங்கத்துக்கும் நடுவில் இருபத்தாறு வருஷமாக வண்டி ஓட்டுகிறவர். விளையாட்டுக்கு ஆள் வேண்டும் என்று மகள் சொன்னதும் வார விடுமுறையை ஞாயிற்றுக்கிழமைக்கு மாற்றி வாங்கியிருந்தார்.

“வாங்க வாங்க. எனக்கு ராஜா வேஷமாம். காலையிலேயே ஷேவ் பண்ணிட்டேன்” என்றார்.

கூடத்தில் பாய் விரித்து, நடுவில் பலகையை வைத்தார்கள். யாழினி வரைந்திருந்தாள். ஆறு, படித்துறை, இருபது வீடுகள். அழகாக இருந்தது. மூலையில் ஒரு அட்டையைத் தடுப்பு மாதிரி நிறுத்தி, அதன் பின்னால் அவள் உட்கார்ந்துகொண்டாள்.

அஃப்ஷீன் டீச்சர் மாதிரி தொண்டையைச் செருமினாள்.

“ஊர் பேரு மணலூர். ஊர்ல காய்ச்சல் பரவுது. ஆத்துத் தண்ணியை யாரும் குடிக்கக் கூடாது. ஆனா சொன்னா கேக்க மாட்டாங்க. உங்க கையில ஒரு கொம்பு கிடைக்குது. அதை ஊதிட்டு என்ன சொன்னாலும் ஊரே அப்படியே செய்யும். ஊத இஷ்டமில்லைன்னா தாயக்கட்டையை உருட்டிப் பேசிப் பாக்கலாம். நல்ல எண் விழுந்தா கேப்பாங்க. இல்லைன்னா கேக்க மாட்டாங்க. மொத்தம் பத்து நாள். ஒவ்வொருத்தரும் தனித்தனியா இதே ஊரைக் காப்பாத்தணும்.”

“ஊதினா வேற என்ன ஆகும்?” என்றார் மன்சூர். சவூதியில் தமாமில் பதினோரு வருஷம் ஏ.சி. மெக்கானிக்காக இருந்தவர். எந்த இயந்திரத்தையும் அடியில் திருப்பிப் பார்க்காமல் நம்ப மாட்டார்.

“அதை இப்ப சொல்ல மாட்டேன் அத்தா.”

ராஜாவாக ரத்தினவேல் முதலில் ஆடினார். முதல் நாளே கொம்பை ஊதிப் படித்துறையை மூடினார். இரண்டாவது ஊதலில் எல்லோரும் தண்ணீரைக் காய்ச்சிக் குடித்தார்கள். மூன்றாவதற்கு மந்திரியை ஒற்றைக் காலில் நிற்கச் சொன்னார்.

“அப்பா, காய்ச்சலுக்கும் இதுக்கும் என்ன சம்பந்தம்?” என்று தடுப்புக்குப் பின்னாலிருந்து யாழினி கேட்டாள்.

“ராஜான்னா சும்மாவா? நிஜத்துலயும் என்கிட்ட ஒரு ஹாரன் இருக்கு. இருபத்தாறு வருஷமா அடிக்கிறேன், ஒருத்தன் நகர்றதில்ல. இன்னிக்கு ஒரு நாள் அனுபவிச்சுக்கிறேனே.”

நான்காவதாக ஊரையே கை தட்டச் சொன்னார். அதற்கப்புறம் என்ன நினைத்தாரோ, கொம்பை வைத்துவிட்டுத் தாயக்கட்டையை எடுத்துக்கொண்டார். பத்து நாள் முடிவில் ஊரில் ஒருவர் செத்திருந்தார்.

மன்சூருக்குத் திருடன். கொம்பை ஒரே ஒரு தடவை ஊதிக் காவல்காரனைத் தூங்கவைத்தார். பிறகு அதைக் கிணற்றில் போட்டுவிட்டார்.

“ஏன் அத்தா?”

“அதை வச்சிருந்தா நாலு பேர் தேடி வருவாங்க. எனக்குத் தூக்கம் போயிடும்.”

அதற்கப்புறம் அவர் செய்ததுதான் வேடிக்கை. ஊரில் உள்ள குடங்களை எல்லாம் திருடி ஒளித்துவைத்தார். குடம் இல்லாமல் யார் ஆற்றுக்குப் போவார்கள்? ரத்தினவேல் தொடையில் தட்டிச் சிரித்தார். இருந்தும் இரண்டு பேர் கையாலேயே அள்ளிக் குடித்துச் செத்துப்போனார்கள்.

மூன்றாவது இர்பானா. அவளுக்கு வில்லாளி. யாழினி வரைந்த படத்தில் வில்லாளி கண்களில் தீப்பொறி பறந்தது. இவளோ முதல் நாளே கொம்பை வாங்கிப் பலகையின் ஓரத்தில் வைத்துவிட்டு, தாயக்கட்டையை உருட்டிக்கொண்டு வீடு வீடாகப் போனாள். முதல் வீட்டில் கேட்கவில்லை. அடுத்ததில் கேட்டார்கள். மூன்றாவதில் கதவே திறக்கவில்லை. மறுநாள் திரும்பவும் அதே வீட்டுக்குப் போனாள்.

ஊர்க்காரர்களுக்கு எல்லாம் யாழினி பெயர் வைத்திருந்தாள். ஆறாவது வீடு வேலம்மாள். பிடிவாதக்காரி. நாலு நாள் இர்பானா அவளிடமே போய் நின்றாள். நாலு தடவையும் கட்டை கவிழ்ந்தது. ஏழாம் நாள் அஃப்ஷீன் சீட்டை எடுத்துப் பார்த்துவிட்டு, “வேலம்மாள் போயிட்டாங்க” என்றாள். பத்தாம் நாள் முடிவில் மூன்று பேர் இல்லை.

ஷஹனாஸுக்குத் தாங்கவில்லை. விளையாட்டுதான், இருந்தாலும் இருபத்து நாலு வருஷம் வார்டில் நின்ற உடம்பு.

“ஒரு தடவை ஊதியிருந்தா அந்தம்மா பிழைச்சிருப்பா, இர்பானா.”

“பிழைச்சிருப்பாங்க.”

“அப்புறம் ஏன் ஊதல?”

இர்பானா தாயக்கட்டையை உள்ளங்கையில் உருட்டிக்கொண்டே இருந்தாள்.

“துறையூர்ல நான் என்ன கட்டணும், யார்கூடப் பேசணும், எப்பத் தூங்கணும்னு எல்லாம் ஒருத்தர் சொல்லுவார். என் நல்லதுக்குன்னுதான் சொல்லுவார். கேக்கிற பக்கத்துல நின்னா எப்படி இருக்கும்னு தெரியும் அண்ணி. கை போகல.”

ரத்தினவேல் எழுந்து போய் ஃபேனை ஒரு புள்ளி கூட்டிவைத்துவிட்டு வந்தார்.

கடைசியாக ஷஹனாஸ். அவளுக்கு வைத்தியச்சி.

அவள் ஆடிய வேகத்தை அன்று பார்த்திருக்க வேண்டும். முதல் நாள் படித்துறை, இரண்டாம் நாள் வெந்நீர், மூன்றாம் நாள் காய்ச்சல்காரர்களைத் தனி வீட்டுக்கு மாற்றினாள். ஒவ்வொன்றுக்கும் கொம்பு. கட்டையை உருட்டி நேரத்தை வீணாக்க அவளுக்கு மனசில்லை. வேலம்மாள் வாயைத் திறப்பதற்கு முன்பே கஷாயம் உள்ளே போயிற்று. தேறி எழுந்த ஒரு வாலிபன் சாப்பிடாமல் இருந்தான், அவனுக்கு ஒரு ஊதல். வேலம்மாளின் மகள் அக்கரையில் இருக்கும் புருஷன் ஊருக்குத் திரும்பப் போகிறேன் என்றாள்.

“அங்க போய் என்ன பண்ணப் போறா? இங்கேயே இருக்கட்டும்” என்று அதற்கும் ஊதினாள்.

“அம்மா, அவளுக்குக் காய்ச்சல் இல்ல” என்றாள் அஃப்ஷீன்.

“வராம இருக்கணுமே.”

பத்து நாள் முடிந்தது. இருபது பேரும் உயிரோடு இருந்தார்கள். ஷஹனாஸ் பின்னால் சாய்ந்து துப்பட்டாவால் முகத்தைத் துடைத்துக்கொண்டாள். மன்சூர், “நம்ம வீட்டு ஆளுன்னா சும்மாவா” என்று ஒரு துண்டு தம்ரூட்டை அவள் கையில் கொடுத்தார்.

“யாழினி, தடுப்பை எடு” என்றாள் அஃப்ஷீன்.

அட்டைக்குப் பின்னால் நான்கு வரிசைகள். ஒவ்வொரு வரிசையிலும் இருபது மரச்சில்லுகள். ஒரு பக்கம் வெள்ளை, மறுபக்கம் சாம்பல் நிறம். ஆடுகிறவர் ஒரு தடவை ஊதினால் யாழினி ஒரு சில்லைத் திருப்பிப் போட்டிருக்கிறாள். ராஜாவின் வரிசையில் நான்கு சாம்பல். திருடனுக்கு ஒன்று. வில்லாளியின் வரிசையில் மூன்று இடம் காலி, மிச்சமெல்லாம் வெள்ளை. வைத்தியச்சியின் வரிசையில் பதின்மூன்று சாம்பல்.

“சாம்பல்னா என்ன?” என்றாள் ஷஹனாஸ்.

“அவங்க இனிமே தானா எதையும் முடிவு பண்ண மாட்டாங்கம்மா. பசிச்சாக்கூட நீங்க ஊதினாதான் சாப்பிடுவாங்க.”

“ஒருத்தரும் சாகலையே.”

“சாகலம்மா. அது நிஜம்.” அஃப்ஷீன் குழம்பித்தான் போயிருந்தாள். முன்கூட்டியே எழுதிவைத்திருந்த தாளை எடுத்துக் காட்டினாள். “நாங்க மாத்தி எழுதி வச்சிருந்தோம். ராஜாவும் திருடனும் கெட்டுப்போவாங்க, வில்லாளி கோபத்துல கெட்டுப்போவா, வைத்தியச்சி மட்டும் தப்பிச்சுக்குவான்னு.”

பேனாவைத் திறந்துகொண்டு ஒவ்வொருவரிடமும் கேட்டாள். “நீங்க ஏன் மாமா நிறுத்தினீங்க?”

“கூச்சமா போச்சும்மா” என்றார் ரத்தினவேல். “மந்திரி ஒத்தைக் கால்ல நிக்கிறான், ஊர்ல ஒருத்தன் சிரிக்கல. நம்மளே நம்மளைப் பாத்து வெக்கப்படற மாதிரி ஆயிடுச்சு.”

“நான் பயந்தாங்கொள்ளி, அதை எழுதிக்க” என்றார் மன்சூர்.

“நீங்க ஏம்மா நிறுத்தல?”

ஷஹனாஸ் அந்தப் பதின்மூன்று சில்லுகளையும் பார்த்தாள். பதில் இருந்தது. சொல்லும்போதுதான் அது எப்படி இருக்கிறது என்று தெரிந்தது.

“நிறுத்தணும்னு தோணவே இல்ல. நான் தப்பா எதுவும் பண்ணலையே.”

அஃப்ஷீன் அதை அப்படியே எழுதிக்கொண்டாள்.

சாப்பாடு முடிந்தது. ரத்தினவேல் செய்திருந்த எலுமிச்சை சாதமும் உருளைக்கிழங்கும் நன்றாகவே இருந்தன. பெண்கள் இருவரும் மடிக்கணினியோடு உட்கார்ந்தார்கள். திருடனும் ராஜாவும் பாயிலேயே சாய்ந்து குறட்டை விட ஆரம்பித்தார்கள். இர்பானா மொட்டை மாடியில் கொடியில் காய்ந்த துணிகளை யாழினிக்காக எடுத்துக்கொண்டிருந்தாள். கொள்ளிடம் பக்கமிருந்து காற்று நன்றாக வீசியது.

ஷஹனாஸ் மேலே வந்து, இன்னொரு முனையிலிருந்து தானும் துணிகளை எடுத்தாள். ஒரு போர்வையை இருவருமாகப் பிடித்து மடிக்கும்போது சொன்னாள்.

“உன் விண்ணப்பம் மேல போகல இர்பானா. நான் அனுப்பல. என் டிராயர்லதான் இருக்கு.”

போர்வையின் இரண்டு முனைகளும் இர்பானாவின் கையிலேயே இருந்தன.

“எத்தனை நாளா?”

“நீ கொடுத்த அன்னிலேர்ந்து.”

“அனுப்பிட்டேன்னு சொன்னீங்க.”

“பொய் சொன்னேன்.”

இர்பானா போர்வையை மெதுவாக மடித்து முடித்துக் கைப்பிடிச் சுவரில் வைத்தாள். முகம் சிவந்திருந்தது. குரல் உயரவில்லை.

“ஏன் அண்ணி?”

“நீ வந்து நின்ன கோலம் எனக்குத்தான் தெரியும். அந்நிய ஊர்ல தனியா, உடம்பு சரியில்லைன்னா ஒரு வாய் கஞ்சி வச்சுக் கொடுக்க ஆள் இல்லாம...”

“அது மட்டுமா?”

கீழே தெருவில் ஓர் ஆட்டோ நின்று, யாரையோ இறக்கிவிட்டுக் கிளம்பிப் போயிற்று.

“அது மட்டுமில்ல. நீ போயிட்டா ஐ.சி.யூ.வுல உன்னை மாதிரி ஆள் எனக்குக் கிடையாது. வீட்லயும் இல்ல. அஃப்ஷீன் போனும் கையுமா இருக்கா. உங்க அண்ணன் ஒன்பது மணிக்குத் தூங்கிடறாரு. ராத்திரி அடுப்பைத் துடைச்சுட்டு உக்காந்தா பேசறதுக்கு நீதான் இருக்கே. நீ போயிடுவியேன்னு பயம். அதுக்கு உன் நல்லதுன்னு பேர் வச்சுக்கிட்டேன்.”

இர்பானா திரும்பி நின்றுகொண்டாள். தோள் குலுங்கியது. அழுகிறாள் என்று ஷஹனாஸ் நினைத்தாள். கிட்டே போய்ப் பார்த்தால் பாதி அழுகை, பாதி சிரிப்பு.

“இதை மொதல்லயே சொல்லியிருக்கலாமே. போகாதடி, எனக்குக் கஷ்டமா இருக்குன்னு.”

“சொன்னா இருந்திருப்பியா?”

“தெரியல. யோசிச்சிருப்பேன். கோபம் இருக்கு அண்ணி, இல்லாம இல்ல. நாலு நாள் சரியா பேச மாட்டேன். கண்டுக்காதீங்க.”

“சரி.”

“இப்ப ஆட்டோ பிடிப்போம். ஆபீஸ் சாவி உங்க பையிலதானே இருக்கு?”

நாலரை மணிக்குப் புத்தூர் மருத்துவமனையில் ஞாயிற்றுக்கிழமை அமைதி. பார்வையாளர் நேரம் ஆரம்பிக்கவில்லை. ஷஹனாஸ் தன் அறையைத் திறந்து விளக்கைப் போட்டு, டிராயரை இழுத்தாள். நீல ஃபைலைப் பார்த்ததும் இர்பானா நாற்காலியில் உட்கார்ந்தாள்.

கையெழுத்துப் போட்டாயிற்று. அடுத்தது தேதி. அங்கேதான் பேனா நின்றது.

பத்தொன்பது நாளுக்கு முந்தைய தேதியைப் போட்டால் தீர்ந்தது. இங்கிருந்து அன்றைக்கே போய்விட்டது, தாமதம் நிர்வாக ஆபீசில்தான் என்று ஆகிவிடும். அங்கே வரும் காகிதத்தையெல்லாம் வாங்கிவைப்பது அனுசுயா என்கிற பெண். சேர்ந்து இரண்டு மாசம்தான் ஆகிறது. சூப்பிரண்டு தேதியை எதிர்த்துக் கேட்கிற துணிச்சல் அவளுக்கு வராது. யாருக்கும் தெரியப் போவதில்லை. சூப்பிரண்டு போட்ட தேதிதான் தேதி.

“என்ன அண்ணி?”

“ஒண்ணுமில்ல.”

அன்றைய தேதியையே போட்டாள். அதன் கீழே ஒரு வரியும் எழுதினாள். ‘இந்த விண்ணப்பம் பத்தொன்பது நாட்கள் என்னிடமே இருந்தது. தாமதத்துக்கு நானே பொறுப்பு. செவ்வாய்க்கிழமைக்குள் சான்றிதழ் வழங்கும்படி கேட்டுக்கொள்கிறேன்.’

இர்பானா எட்டிப் படித்தாள். “இதுக்கு உங்களைக் கூப்பிட்டுக் கேப்பாங்களே.”

“கேக்கட்டும்.”

“சூப்பிரண்டு வேலைக்கு ஏதாவது...”

“வந்தா வார்டுக்குத் திரும்பிப் போறேன். ஊசி போட மறந்துடல.”

ஸ்கேன் செய்து நிர்வாக அதிகாரிக்கு மெயிலில் அனுப்பினாள். அவர் எண்ணுக்குக் கூப்பிட்டு நடந்ததையும் சொன்னாள். அவர் முழுக்கக் கேட்டுக்கொண்டார். “நாளைக்குக் காலையில காகிதத்தோட வாங்க சிஸ்டர், பேசுவோம்” என்று வைத்துவிட்டார். நல்ல விதமாகவா, கெட்ட விதமாகவா என்று அந்தக் குரலில் தெரியவில்லை. ஆனாலும் போனை வைத்தபோது ஷஹனாஸுக்கு உடம்பு லேசாக இருந்தது. காய்ச்சல் விட்ட மறுநாள் மாதிரி. பசிக்கக்கூடச் செய்தது.

வாசலுக்கு எதிரே இருந்த கடையில் சூடாக வெங்காய பஜ்ஜி போட்டார்கள். இருவரும் பெஞ்சில் உட்கார்ந்து தின்றார்கள். அஃப்ஷீனிடமிருந்து செய்தி வந்தது. எழுதி முடித்து ஐந்தரைக்கே அனுப்பிவிட்டார்களாம். முடிவுரையை முழுசாக மாற்றிவிட்டார்களாம். ஷஹனாஸ் சத்தமாகப் படித்துக் காட்டினாள். நாலு நாள் சரியாகப் பேசமாட்டேன் என்றவள் ரெண்டு பஜ்ஜி முடிவதற்குள் தானாகவே பேச்சை எடுத்தாள்.

“அண்ணி, ஒண்ணு சொல்லணும்.”

“சொல்லு.”

“அனுபவச் சான்றிதழ் மட்டும் போதாது. நர்சிங் சர்ட்டிபிகேட் ஒரிஜினலையும் காட்டணும். இங்க வேலைக்குச் சேரும்போது நீங்க பொறுப்பு ஏத்துக்கிட்டதால ஜெராக்ஸ்லயே முடிஞ்சது. ஒரிஜினல் எல்லாம் துறையூர்ல, அவர் வீட்ல, பீரோவுலதான் இருக்கு.”

ஷஹனாஸின் கை பஜ்ஜித் தட்டிலேயே நின்றது. அந்த வீட்டு வாசலும், அந்த ஆளின் தணிந்த குரலும், அவன் சிரித்துக்கொண்டே பேசுகிற விதமும் கண் முன்னால் வந்து போயின.

“நாளைக்குப் போய்க் கேட்டு வாங்கிட்டு வரப் போறேன்” என்றாள் இர்பானா. “அண்ணன் வேண்டாம். ஜமாத் ஆட்கள் வேண்டாம். தனியா போறேன். போகட்டுமான்னு கேக்கல அண்ணி, உங்களுக்குத் தெரிஞ்சிருக்கட்டும்னு சொல்றேன்.”

சொல்வதற்கு ஷஹனாஸிடம் ஒன்பது வார்த்தை தயாராக இருந்தது. ஒன்பதும் நியாயமான வார்த்தைகள். ஒவ்வொன்றாக விழுங்கினாள். அதற்குக் கொஞ்சம் நேரம் பிடித்தது. இர்பானா அவசரப்படுத்தவில்லை.

“சத்திரத்துலேர்ந்து எத்தனை மணி பஸ்ஸுக்குப் போறே?” என்று கேட்டாள் ஷஹனாஸ்.